முன் சீட்டுப் பையன்

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் பள்ளி வேன் ஓட்டும் பாப்பா அக்காவுக்கு அறுபதை நெருங்கும் வயது. பெயர்தான் பாப்பா, குரல் எஸ்டேட் சங்கு. காலையில் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால், பள்ளிக்குப் போக வேண்டாத அப்பன்மார்கள்கூட எழுந்துவிடுவார்கள்.

நானும் அந்த வேனில் போய்ப் படித்தவள்தான். என்கூட வந்தவன் பவித்ரன். வேன் முதல் முனை திரும்புவதற்குள் அவனுக்குக் குமட்டிவிடும். அதனால் முன் சீட்டு அவனுக்கே. அக்கா அவன் வாயில் ஓர் அசாம்போயைத் திணிப்பார். உப்பும் புளிப்புமான அந்த உலர்ந்த பழம் குமட்டலை அடக்கும். அடங்காத நாளில் திட்டிக்கொண்டே அவனைக் கழுவிவிடுவார். எங்களுக்கெல்லாம் பொறாமை.

அந்தப் பவித்ரன்தான் வளர்ந்து ஒரு கடத்தல் கும்பலுக்கு ‘போஸ்’ ஆனான். ஹுத்தான் மெலிந்தாங்கில் படகிலிருந்து இறங்கும் போதைப்பொருள், மீன் பெட்டிக்குள் புகுந்து, பீடோரில் ஒரு கொட்டகையில் தங்கி, ஈப்போவுக்கு வரும். சில வருடங்களில் அவனிடம் நாற்பது பேர். கார் கழுவும் கடை அவனுடையது, திருவிழா விளக்கு அவனுடையது. ஊரே அண்ணே அண்ணே என்று குழைந்தது, என் வீட்டுக்காரர் உட்பட.

சாலையில் போலீஸ் கெடுபிடி கூடியதும் ஒருநாள் அக்காவிடம் வந்தான்.

“அக்கா, புது வேன் எடுத்துத் தாரேன். பின் சீட்டுக்குக் கீழ ஒரு பெட்டி மட்டும் இருக்கும். ஸ்கூல் வேன யாரும் நிப்பாட்ட மாட்டாங்க லா.”

“பின் சீட்டுல யாரு உக்காருறா தெரியுமாடா? தினேஸ்வரி. ஏழு வயசு. உன் வாந்திய கழுவுன கை இது. உன் பெட்டிய தொடாது. போடா!”

அடுத்த வாரம் வேனின் முன்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அக்கா பயந்துதான் போனார். என் வீட்டில் உட்கார்ந்து அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, இரவல் வேனில் பிள்ளைகளை ஏற்றப் போனார். யார் உடைத்தது என்று கேட்டால் மட்டும், “பலாக்கா விழுந்திருக்கும்” என்பார். எங்கள் ஃபிளாட்டில் ஏது பலாமரம்!

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. மீன் பெட்டியோடு பிடிபட்ட ஒருவன், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஒரே விடியலில் மூன்று ஊரிலும் போலீஸ் புகுந்தது. அண்ணே என்றவர்களுக்கு அவன் பெயர்கூட மறந்துபோனது.

தீர்ப்பு நாளில் நீதிமன்றத்துக்கு வந்தது அவன் அம்மா, பாப்பா அக்கா, துணைக்கு நான். முப்பது வருடம். எனக்கு அவன்மேல் கோபம்தான்; ஆனாலும் அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். விலங்கு மாட்டி, சிறை லாரியில் ஏற்றக் கூட்டிப் போனார்கள்.

அக்கா போலீஸ்காரரை மறித்து மலாயில் கெஞ்சினார்: இவனுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது, முன்னால் உட்கார வையுங்கள். போலீஸ்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து அசாம்போய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்று என்றார்.

“வாயத் தொறடா.”

திறந்தான். அதைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே, “கண்ணாடிய ஒடச்சது நாந்தாக்கா” என்றான்.

“தெரியும்லா. கொட்டைய முழுங்கிறாத.”