அசையாத ஒரு நிமிடம்

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே ஞாயிறுதோறும் குறும்பட வகுப்புக்குப் போனேன். ஒரு முகத்தை, கேமராவை அசைக்காமல் ஒரு நிமிடம் எடுத்து வரச் சொன்னார்கள். என் கை எதிலும் நிலைக்காது. போகிற லாரி பக்கமெல்லாம் திரும்பிவிடும்.

கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எல்லோரையும் சிரிக்கவைக்கும் தோழி செல்வியை உட்காரவைத்து, செல்போனை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்தேன்.

"பேசாம இருக்கணுமா? பேஜாருடி!" என்று சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. உதடு நடுங்கி, கண்ணீர் வழிந்தது. பதறிப்போய்ப் படம் எடுப்பதை நிறுத்தினேன்.

"இன்னாடி ஆச்சு?"

"எங்கூட்டுக்காரரு என்ன உட்டுட்டுப் போய்ட்டாருடி. சிரிச்சிக்கினே இருந்தா யாரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை.

அந்தக் காட்சியை அழித்துவிட்டு, வகுப்புக்கு வெறுங்கையோடு போனேன். தினமும் சேர்ந்து சாப்பிடும் செல்வியை அதுவரை ஒரு நிமிடம்கூட முழுதாகப் பார்த்ததில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.