ராகிப் உட்காராத நாற்காலி

தும்யாத்தில் நாற்காலி செய்யாத தெரு கிடையாது. நைல் நதி கடலில் கலப்பதற்கு முன் கடைசியாகக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் ஊர் இழைப்புளியின் ஓசையைத்தான். வாங்க வருகிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், செதுக்கு வேலையைத் தடவிப் பார்ப்பார்கள். பணத்தை எடுப்பதற்கு முன், "உஸ்தா ராகிப் உட்கார்ந்தாரா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள்.

ராகிப் மெத்தை தைப்பவர்; கைதேர்ந்த தொழில்காரரை நாங்கள் உஸ்தா என்போம். தச்சரிடமிருந்து வெறும் சட்டம் வரும். அதில் ஸ்பிரிங் கட்டி, சாக்கு விரித்து, பேரீச்ச நார் அடைத்து, மேலே பஞ்சு பரப்பி, துணியை இழுத்துத் தைப்பது அவர் வேலை. தைத்து முடித்ததும், வாங்க வந்தவருக்கு எதிரிலேயே திரும்பி நின்று, கையை எதிலும் ஊன்றாமல் தொப்பென்று அதில் விழுவார். கனத்த உடம்பு. நாற்காலி முனகக் கூடாது. அவர் எழுந்ததும் மெத்தை தானாக நிமிர்ந்துகொள்ள வேண்டும். நிமிர்ந்தால், "எடுத்துட்டுப் போங்க" என்பார். இல்லையென்றால் ஒரு வார்த்தையும் பேசாமல் கத்தியை எடுத்துத் தையலைப் பிரித்துவிடுவார். அவரிடம் யாரும் வேறு உத்தரவாதம் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு உட்காரும் இடத்தில் நோய் வந்தது.

மூலம். அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னதே இல்லை. பல வருடம் அதை மறைத்து வைத்திருந்தார். வேலைக்குக் கறுப்புக் கால்சட்டையாகவே போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் துணி துவைக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? மனைவி இன்ஸாஃப் ஒருநாள் நனைந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இது என்ன?"

"பெயிண்ட்."

"உங்க கடையில என்னைக்கு பெயிண்ட் அடிச்சாங்க? எழுந்திரிங்க, டாக்டர்கிட்ட போவோம்."

உள்ளூர் மருத்துவமனை வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து மன்சூராவுக்குப் போனார். டாக்டரிடம்கூட "அந்த இடம்" என்றுதான் சொன்னார். நாள் பூராவும் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து வேலை, தண்ணீர் குடிப்பதில்லை, மிளகாய் தூக்கல். டாக்டர் வேறு விளக்கம் கேட்கவில்லை, தேதி கொடுத்துவிட்டார்.

கிளம்பும் காலையில் தெருமுனையில் செதுக்கு வேலைக்காரர் ஸக்கி பார்த்துவிட்டார். ஸக்கியின் காதில் விழுந்தது மாலைத் தொழுகைக்குள் பள்ளிவாசலின் கடைசி வரிசைக்குப் போய்விடும்.

"என்ன உஸ்தா, பையும் கையுமா?"

"மன்சூராவுக்கு. சின்ன ஆபரேஷன்."

"அட அல்லாஹ்வே! எங்கே?"

"முதுகுல."

பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை. இடத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றிச் சொன்னார், அவ்வளவுதான்.

*

திரும்பி வந்த பிறகு அவர் பட்டதை ஆபரேஷன் என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் தூக்கத்தில் முடிந்துவிட்டது. பட்டதெல்லாம் வீட்டில். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு வலித்தது, குப்புறப் படுத்தால் மூச்சு முட்டியது. இருமலும் தும்மலும் அவருக்குப் பகையாயின. சிரிப்பு வரும்போல் இருந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் கழிப்பறை. அதனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"சாப்பிடாம இருந்தா போகாமலே இருந்திடலாம்னு கணக்கா?" என்றாள் இன்ஸாஃப். பருப்பு சூப்பையும் ஊறவைத்த அத்திப்பழத்தையும் தவிட்டு ரொட்டியையும் தட்டில் வைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நாராப் பார்த்துப் பார்த்து நாற்காலிக்கு அடைச்சீங்களே, உங்க வயித்துக்கு ஒருநாளாவது அடைச்சீங்களா? குடிங்க இந்த மருந்தை. இளக்கிக் கொடுக்கும்."

முதல் தடவை போனபோது துண்டை வாயில் திணித்துக்கொண்டு போனார். துண்டையும் மீறி ஒரு சத்தம் வந்தது. கூடத்தில் வானொலியில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தது. மகள் ரபாப் அடுத்த அறையில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சத்தம் அவள் காதில் விழக் கூடாது, அந்தச் சத்தத்துக்குத் திரையாகக் குர்ஆனையும் வைக்கக் கூடாது என்று இன்ஸாஃப் ஓடிப்போய்க் குமிழைத் திருப்பினாள். கால்பந்து வர்ணனை அகப்பட்டது. அதைக் காது கிழியும்படி வைத்தாள். உள்ளே ராகிப் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, வெளியே யாரோ கோல் போட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் பிறகு வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார வேண்டும். அதுதான் நாளின் ஒரே சுகம், மிகப்பெரிய அவமானமும் அதுதான். வீட்டிலிருந்த பழைய தொட்டி விரிசல் விட்டிருந்தது. இன்ஸாஃப் ரபாபின் கல்யாணச் சீருக்கு வாங்கி அடுக்கிவைத்த பிளாஸ்டிக் சாமான்களிலிருந்து பெரிய தொட்டியை உருவி எடுத்தாள். அது நீலம் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். சிவப்புதான். தொட்டியின் விளிம்பில் கடைக்காரர் ஒட்டிய தங்க நிறப் பூ அப்படியே இருந்தது. மகளின் சீர்ச் சாமானில், வெறும் உடம்போடு, அந்தப் பூவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது ராகிபுக்கு வலி மறந்துபோனது. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

ரபாபுக்குத் தெரியாமலா இருக்கும்? சீர் அடுக்கில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் அறைக்குள் வருவதற்கு முன் வாசலில் இருமினாள். அந்த இருமலும் அவரைச் சுட்டது.

*

அந்த வெள்ளிக்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் பெயர் வாயில்; அவனுக்குக் குவைத்தில் வேலை. விடுமுறை முடியப் போகிறது, கல்யாணத் தேதியை இந்த வாரமே முடித்தாக வேண்டும். தேதி பேச வருவதோடு, பெண்ணுக்கு ராகிப் தன் கையால் தைத்து வைத்திருக்கும் சோபா, நாற்காலிகளையும் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார் மாப்பிள்ளையின் தகப்பனார் ஹாஜ் ஷிர்பீனி. ஃபாரஸ்கூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர். நாற்காலியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஊரே சொல்லும் அந்த ஒரு கேள்விதான்.

ராகிப் அந்த நாற்காலிகளில் இன்னும் உட்காரவில்லை. குளிர்காலம் முழுவதும் இழைத்து இழைத்துத் தைத்தார். தந்த நிறத் துணி, ஓரம் முழுக்கச் சுருட்டுத் தையல். தைத்து முடித்த சமயத்தில் வலி உச்சத்தில் இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று துணி போர்த்தி வைத்துவிட்டார்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் இன்ஸாஃப்.

"சம்பந்திகிட்டயா? எந்த வார்த்தையை வச்சுச் சொல்ல? வாங்க ஹாஜி, டீ குடிங்க, எனக்கு இன்ன இடத்துல இன்னது அறுத்துட்டாங்கன்னா?"

"அப்ப உட்காருங்க."

"உட்கார்ந்தா துணி என்ன நிறம்னு உனக்குத் தெரியும்ல?"

மதியம் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனார். வாசலில் ஸக்கி காத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு நாற்காலி. முடியாதவர்கள் உட்கார்ந்து தொழுவதற்காக ராகிபே மெத்தை தைத்துப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தது.

"வாங்க உஸ்தா! முதுகு ஆபரேஷன் பண்ணவர் குனியலாமா? உங்க நாற்காலி இன்னைக்கு உங்களுக்கே! தள்ளுங்கப்பா, வழி விடுங்க!"

முன்வரிசை ஓரமாக நாற்காலியைப் போட்டு, தோளைப் பிடித்து அழுத்தினார். ராகிப் இமாமின் குத்பாப் பிரசங்கம் முடியும்வரை அந்த நாற்காலிக்குக் கொஞ்சம் மேலே, உட்கார்ந்தவர்போல் முழங்காலை மடக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றார். தொடை நடுங்கியது. வியர்வை தாடியில் வழிந்தது. இமாம் பொய்யைப் பற்றிப் பேசவில்லை, மழையைப் பற்றித்தான் பேசினார். ஆனாலும் ராகிபுக்கு எல்லாம் தன்னைச் சொல்வதாகவே கேட்டது.

*

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். ஹாஜ் ஷிர்பீனி, வாயிலின் தாய் என்ற பொருளில் உம்மு வாயில் என்று எல்லோரும் அழைக்கும் அவர் மனைவி, மாப்பிள்ளை. இன்ஸாஃப் போர்வையை விலக்கியதும் உம்மு வாயிலுக்கு வாய் திறந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ்! ராஜா வீட்டுல கூட இப்படி இருக்காது."

"இருங்க இருங்க, யாரும் உட்கார வேண்டாம்" என்று ஹாஜ் ஷிர்பீனி கையைத் தூக்கினார். உற்சாகத்தில் இருந்தார். "ஊர்ல எவனெவனுக்கோ உட்கார்ந்து காட்டினாரு. இன்னைக்குச் சொந்த மகளுக்கு. ம், உஸ்தா, ஆகட்டும்!"

ராகிப் சிரித்தார். "நீங்க உட்காருங்க ஹாஜி. நீங்க விருந்தாளி."

"அதெல்லாம் நடக்காது. முதல்ல நீங்க."

"முதுகு சரியில்லை."

"முதுகு சரியில்லாதவன்தானே உட்காரணும்? மதியம் பள்ளிவாசல்ல உட்கார்ந்துதானே தொழுதீங்க? ஸக்கி இப்பத்தான் தெருவுல சொன்னாரு."

ராகிப் நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அறையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. உம்மு வாயில் கணவர் பக்கம் சாய்ந்து சொன்னது மெதுவாகத்தான், ஆனால் அந்த அறையில் விழாத காது இல்லை.

"சொந்த மகளோட நாற்காலியில உட்கார மாட்டேங்கிறாரே. உள்ள ஸ்பாஞ்சு வச்சிருப்பாரோ?"

ஹாஜ் ஷிர்பீனியின் முகம் மாறியது. "உஸ்தா, நான் கட்டிலும் அலமாரியும் தேக்குல செஞ்சு வச்சிருக்கேன். உங்க பங்கை நான் கேட்டு வாங்கலை. ஆனா ஏமாத்து வேலைன்னா இப்பவே சொல்லிடுங்க. தேதி பேசறதுக்கு முன்னாடி."

ரபாப் சமையலறைக் கதவருகே தட்டோடு நின்றாள்.

ராகிபின் நாவில் அந்த வார்த்தை வந்து நின்றது. வெளியே வரவில்லை. அதற்குப் பதிலாக, கை சட்டைப் பைக்குள் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டது. தையல் பிரிக்கும் வளைந்த கத்தி.

"பாருங்க. நீங்களே பாருங்க. நாரா ஸ்பாஞ்சான்னு."

மண்டியிட்டு, பெரிய நாற்காலியின் வலது கைப்பிடிக்குக் கீழே, துணியில் கத்தியை வைத்து இழுத்தார். அவர் வாழ்நாளில் தைத்ததிலேயே நல்ல நாற்காலி அது. துணி கிழிகிற சத்தம் எவ்வளவு சின்னதாக இருந்தது!

"அப்பா!"

ரபாப் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடி வந்து கிழிசல்மேல் கையை வைத்துக்கொண்டாள். கத்தி அவள் விரலுக்குப் பக்கத்தில் நின்றது.

"என் நாற்காலியை அறுக்கிறீங்களே அப்பா. அதைச் சொல்றதைவிட இது லேசா?" அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மகள் வாயால் அந்தச் சொல் வருவதை அவர் நினைத்துப் பார்த்தார். கத்தியைக் கீழே போட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே, மண்டியிட்டபடியே சொன்னார்.

"மூலம், ஹாஜி. முதுகு இல்லை. மூலத்துக்குத்தான் ஆபரேஷன். உட்கார முடியலை. பள்ளிவாசல்லயும் உட்காரலை."

மாப்பிள்ளை சுவரில் தொங்கிய கடிகாரத்தை மிகக் கவனமாகப் பார்த்தான். உம்மு வாயில் முக்காட்டின் நுனியை உதட்டில் அழுத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, தான் சொன்னதற்காக வெட்கப்பட்டாளா என்று சொல்ல முடியாது. இரண்டும் இருந்திருக்கலாம்.

ஹாஜ் ஷிர்பீனி தொண்டையைச் செருமினார். "இதைச் சொல்லியிருந்தா நான் உட்காரச் சொல்வேனா உஸ்தா? என்னை இப்படிப் பேச வச்சுட்டீங்களே." சிவந்துபோயிருந்த முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிழிந்த அந்த நாற்காலியில், கையை எதிலும் ஊன்றாமல் தொப்பென்று விழுந்தார். அவரும் கனத்தவர்தான். நாற்காலி முனகவில்லை. எழுந்தார். மெத்தை நிமிர்ந்தது.

"எடுத்துட்டுப் போறோம்" என்றார்.

தேதி பேசி முடித்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து பேச, ராகிப் சுவரோரம் நின்றபடி பேசினார். பேச்சை உறுதிசெய்ய ஃபாத்திஹா ஓதிக் கை ஏந்தியபோதும் நின்றபடிதான்.

மறுநாள் ஜன்னலுக்கு வெளியே ஸக்கியின் குரல் கேட்டது. "என்ன உஸ்தா, முதுகு கீழே இறங்கிடுச்சாமே!" தெரு சிரித்தது. ராகிப் தலையணையைக் கடித்துக்கொண்டார். அது அவர் எதிர்பார்த்ததுதான். பயந்த அளவுக்கு அது வலிக்கவில்லை என்பது அவருக்கே வியப்பாக இருந்தது.

வலித்தது வேறு. ஊசியை எடுத்துக்கொண்டு அந்தக் கிழிசலுக்கு முன் மண்டியிட்டபோது வலித்தது. துணி ஓரத்தை உள்ளே மடித்து, அதே நிற நூலால், மூச்சை அடக்கித் தைத்தார். தையல் யார் கண்ணுக்கும் தெரியாது. ரபாப் வாசலில் இருமிவிட்டு வந்து பார்த்தாள். "தெரியவே இல்லை அப்பா" என்றாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

காயம் ஆறியது. கடையில் மறுபடி உட்கார்ந்து காட்டுகிறார், முன்போலவே தொப்பென்று. மகள் வீட்டுக்குப் போகும்போது மட்டும் அவருக்கு ஒரு பழக்கம். நல்ல இடம் என்று எதைக் காட்டினாலும் மறுத்துவிட்டு நேராக அந்தப் பெரிய நாற்காலிக்குப் போவார். மெதுவாக உட்காருவார். வலது கையைக் கைப்பிடிக்கு வெளியே தொங்கவிட்டு, உள்ளங்கையால் அந்த இடத்தை மூடிக்கொள்வார். டீயை இடது கையால் வாங்குகிறாரே என்று ஹாஜ் ஷிர்பீனி ஒருமுறை கேட்டேவிட்டார்.

"மணிக்கட்டு வலி, ஹாஜி" என்றார் ராகிப்.

ரபாப் சிரிக்காமல் டீத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.