அமலதாஸ் அத்தானும் யெஸ்பரின் காரும்

செய்தி வந்த நேரம் நான் சவ்வரிசிக் கஞ்சியைச் சுடுநீர்ப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்த அமலதாஸ் அத்தானுக்கு மதியம் கொண்டுபோகவென்று காய்ச்சிய கஞ்சி. முன்னறையில் தொலைபேசியில் டேனிஷில் கதைத்துக்கொண்டிருந்த என் கணவர் யேசுதாஸ் குசினி வாசலில் வந்து நின்றார். "ஊத்தாதை" என்றார். தன் தமையன் இறந்துவிட்டார் என்பதை அவர் எனக்குச் சொன்னது அந்த ஒரு சொல்லால்தான். மறுநாள் வீட்டுக்கு விடுவார்கள் என்று நம்பி, அத்தானின் கட்டிலுக்குப் புது விரிப்புக்கூட விரித்து வைத்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்துப் பட்டம் பெற்றவள் அல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து எறியும் புத்தகங்களை எடுத்து வாசித்து டேனிஷ் பழகியவள். வீட்டுச் செலவுக் கணக்கையும் மாதாவின் வணக்க மாதத்துக்கு ஒரு சில மன்றாட்டுகளையும் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அத்தான் காட்டிய பிரியத்துக்காக எழுதுகிறேன்.

ஹோர்சன்ஸ் நகரில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். பூசை முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போன பின் கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டுக் கடைசியாக வருவார். அகதியாக வந்த காலத்தில் அவரை ஸ்கீவ நகரில் குடியமர்த்தினார்கள். பிறகு இறைச்சித் தொழிற்சாலை வேலைக்காக இங்கே வந்து, எங்கள் தொடர்மாடியிலேயே ஒரு அறை எடுத்தார். கலியாணம் செய்யவில்லை. இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில். அவர் வாய் திறந்து நீளமாகக் கதைத்து நான் கேட்டதென்றால் அது ஒரு எஞ்சினைப் பற்றித்தான்.

வேலையிடத்தில் யாரோ அவருக்கு ஒரு வீடியோ காட்டியிருந்தார்கள். அன்று சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்காமல் சொன்னார்.

"மேலையும் கீழையும் ஓடுற பிஸ்ரன் ஒண்டும் இல்லை, பிள்ளை. ஒரு முக்கோணம் சுத்துது, ரோட்டர் எண்டு பேர். அவ்வளவுதான் எஞ்சின். மூண்டு பக்கமும் மூண்டு வேலை செய்யுது, ஆனால் ஒரே பொருள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி எண்ட தமத்திரித்துவம் மாதிரி."

"சுவாமியிட்டைச் சொல்லிப்போடாதை அண்ணை" என்றார் என் கணவர். "பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அனுப்புவார்."

சில மாதம் கழித்து, ஸ்கீவவுக்கு அப்பால் ஒரு பண்ணை வீட்டில் அந்த வகை எஞ்சினுள்ள பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு இருப்பதாக விளம்பரம் கண்டார். "நீ வா பிள்ளை" என்று என்னைக் கூப்பிட்டார். "எனக்குப் பேரம் பேச வாய் வராது. உனக்கு டேனிஷும் வரும், கணக்கும் வரும்." போவதற்கு முன் நூலகத்தில் இருந்து நான் வாசித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். போட்டு ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கி, அணைத்து, அந்தச் சூட்டிலேயே திரும்பப் போட வேண்டும். சூட்டில் எழும்பாத ரோட்டரி எஞ்சினுக்கு, முக்கோணத்தின் மூலைகளில் இருக்கும் மெல்லிய சீல்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

கார் வைக்கோல் கொட்டிலில் தார்ப்பாயின் கீழ் இருந்தது. கடும் நீலம். விற்பவர் இங்கர் என்ற முதிய அம்மா. எஞ்சின் குளிரிலும் எழும்பியது, சூட்டிலும் எழும்பியது. ஆனால் விலை மிகவும் குறைவு. எனக்கு அதுதான் இடித்தது. ஏன் என்று கேட்டேன். "என் மகனுடையது. யெஸ்பர் இறந்துவிட்டான்" என்றார். அத்தான் என் காதருகே குனிந்தார். "இதுக்குள்ளையோ, கேள்." நான் கேட்க முதலே அந்த அம்மா எங்கள் முகங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில். நோய்."

விலையைக் குறைத்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஞாயிறுகளில் மகன் முற்றத்தில் இந்த எஞ்சினைச் சூடாக்குவானாம். தாய் குசினியில் நின்று கேட்பாராம். வருடத்தில் ஒருமுறை, நவம்பரில் தேவாலயத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமை, காரைக் கொண்டுவந்து இதே முற்றத்தில் சூடாகும்வரை ஓடவிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். நான் அதைத் தமிழில் சொன்னதும் அத்தான் யோசிக்கவே இல்லை. "எங்கட ஆக்களுக்கும் நவம்பர் ஆத்துமாக்களின்ர மாதந்தானே. ஓம் எண்டு சொல்லு."

திரும்பி வர ஏறியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். யெஸ்பர் நெடுவலான பிள்ளை. ஆசனம் நன்றாகப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. அத்தான் கட்டையான மனிதர். கால் எட்டவில்லை. ஆசனத்தை முன்னுக்கு இழுப்பார் என்று பார்த்தேன். அவர் தன் குளிர்ச்சட்டையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினார். அடுத்த வாரம் என்னிடம் ஒரு சின்னத் தலையணை கேட்டு வாங்கினார். கடைசிவரைக்கும் அந்த ஆசனத்தை அவர் அசைக்கவில்லை. ரேடியோவில் யெஸ்பர் வைத்திருந்த நிலையத்தையும் மாற்றவில்லை. "நான் அவன்ர இடத்தில இரவல் இருக்கிறன்" என்பார். "சில வேளை பக்கத்துச் சீற்றைப் பாக்க மனம் வராது, பிள்ளை."

அந்தக் காரை வைத்துப் பராமரிப்பது பச்சைக் குழந்தையை வைத்திருப்பது போல. அந்த எஞ்சின் பிறவியிலேயே ஒயில் குடிக்கும். பெற்றோல் அடிக்கும் நேரமெல்லாம் ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். என் கணக்கில் நல்லெண்ணெய்க்குக் கீழே எஞ்சின் ஒயில் வரத் தொடங்கியது அப்போதுதான். "பெற்றோலும் குடிக்குது, ஒயிலும் குடிக்குது. எங்கட குடும்பத்தில இல்லாத பழக்கம்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். எல்லாவற்றிலும் பெரிய கட்டளை: போட்ட எஞ்சினைச் சூடாகாமல் அணைக்கக் கூடாது. அணைத்தால் உள்ளே பெற்றோல் தேங்கிவிடும், அடுத்தமுறை எழும்பாது. ஒருமுறை எங்கள் உறவுப் பையன் காரை இரண்டு அடி பின்னுக்கு எடுத்துவிட்டு அணைத்துவிட்டான். அன்று அத்தான் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை.

ஒரு செபமாலை சொல்லி முடிய எஞ்சின் சூடாகிவிடும் என்று கண்டுபிடித்தார். சனிக்கிழமை காலைகளில் தரிப்பிடத்தில் எஞ்சினைப் போட்டுவிட்டு உள்ளே இருந்து சொல்லுவார். நிற்கும் காரில் எஞ்சின் ஓடக் கூடாது என்று அயலவர் ஒருவர் முறையிட்டபின், குடியிருப்பைச் சுற்றி மெதுவாக ஓடிக்கொண்டே சொன்னார். முடிவில் கிருபைதயாபத்துச் செபம் வரும்போது சூடு காட்டும் முள் நடுவில் வந்து நிற்குமாம். நான் புட்டு அவித்துக்கொண்டு மேலே நின்று கேட்பேன். தொடக்கத்தில் ஒரு இருமல், பிறகு பெரிய வண்டொன்று போத்தலுக்குள் அகப்பட்ட மாதிரி ஓர் இரைச்சல். மாடிப்படி முழுவதும் எரிந்த எண்ணெய் வாசம்.

மூன்று நவம்பர்கள் கார் அந்த முற்றத்துக்குப் போய்வந்தது. அடுத்த கோடையில், பெற்றோல் நிலையத்தில் அணைத்த எஞ்சின் திரும்ப எழும்பவில்லை. சீல்கள் முடிந்துவிட்டன. பழுது பார்ப்பவர் உள்ளே பார்த்து, சுவர்களும் கீறுபட்டிருக்கின்றன, வேறு எஞ்சின்தான் வழி என்றார். ஜெர்மனியில் அடிபட்ட ஒரு காரின் எஞ்சின் கிடைத்தது. அதை மாற்றினார்கள். பழைய எஞ்சினை அத்தான் குப்பைக்குக் கொடுக்கவில்லை. கழற்றி, துடைத்து, ஒயில் பூசி, நிலக்கீழ் அறையில் வைத்தார்.

அந்த நவம்பர் போய்வந்து எங்கள் வீட்டில் சப்பாத்தைக் கழற்றாமலே இருந்தார்.

"சொன்னீங்களோ அத்தான்?"

"எப்பிடிச் சொல்லுறது? மனுசி கண்ணை மூடிக்கொண்டு படியில நிண்டு கேக்கிறா. மகன்ர சத்தம் எண்டு கேக்கிறா. அடுத்த வருசம் சொல்லுறன்."

அடுத்த வருடமும் அதே கதை. அதற்கு அடுத்த வருடமும். இந்த ஒக்டோபரில் நெஞ்சு நோவென்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கதைக்க மூச்சுப் போதாமல் இருந்தும் அதைத்தான் சொன்னார். "கீழ் அறையில ரோட்டர் ரெண்டு கிடக்கு. ஒண்டைக் கொண்டுபோய் அந்த அம்மாட்டைக் குடு. நான் ஒளிச்சுப்போட்டன் எண்டு சொல்லு. இந்த முறை சொல்லாமல் விடேலாது, பிள்ளை." நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை காலை, நான் குசினியில் நிற்கும்போது கீழே அந்தச் சத்தம் கேட்டது. ஒரு இருமல். பிறகு அந்த இரைச்சல். யன்னலால் எட்டிப் பார்த்தேன். கார் உறை போட்டபடி நின்றது. உறையின்மேல் ஈர இலைகள், ஒன்றும் கலையவில்லை. திரும்பினால், என் கணவர் மற்ற யன்னலில் நிற்கிறார்.

"காத்து" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் கேட்டது. படியில் எண்ணெய் வாசமும் இருந்தது. மறுநாள்தான் நவம்பர் ஞாயிறு. நான் போகப் போவதாகச் சொன்னேன்.

"இஞ்சேர், சொல்லி என்ன கிடைக்கப்போகுது?" என்றார் அவர். "அந்த மனுசி அண்ணையை நல்ல ஆள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. செத்தாப் பிறகு அவரைப் பொய்யனாக்கப் போறியோ? காரை வித்துப்போட்டு விடுவம்."

"சொல்லாமல் போகேலாதபடியால்தான் அவர் இன்னும் எஞ்சினைப் போடுறார். நீங்களும் கேட்டனீங்கள்."

ஞாயிறு காலை நான் இறங்கிப் போனபோது அவர் உறையைக் கழற்றி, இறங்கியிருந்த பற்றறிக்கு எங்கள் காரில் இருந்து வயர் கொடுத்துக்கொண்டு நின்றார். "தனியப் போகாதை" என்றார்.

நான்தான் ஓட்டினேன். என் காலும் எட்டவில்லை. ஆசனத்தின் பிடியில் கை வைத்தேன். இழுக்க மனம் வரவில்லை. அத்தானின் தலையணையை முதுகுக்கு வைத்தேன். நடுவில் அவருடைய முதுகு அமர்த்திய பள்ளம் அப்படியே இருந்தது. குளிர்ந்த எஞ்சின் சூடாக இருவரும் செபமாலை சொன்னோம். பின் ஆசனத்தில் துவாயில் சுற்றிய ரோட்டர். வழி முழுக்க நான் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். என் கணவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

படியில் மெழுகுதிரி விளக்கு ஏற்றி வைத்துவிட்டு இங்கர் அம்மா கையை உயர்த்தியபடி நின்றார். ஓட்டுநர் பக்கத்தில் இருந்து நான் இறங்கியதும் அந்தக் கை இறங்கியது.

"அமல்?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையை அசைத்தேன்.

படியிலேயே இருந்தோம். நான் மனதில் அடுக்கிக்கொண்டு போன டேனிஷ் வசனங்கள் ஒன்றும் வரவில்லை. எஞ்சின் மாற்றியதை, எந்த வருடம் என்பதை, அத்தான் ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்ததை, வந்த சொற்களில் சொன்னேன். இங்கர் அம்மா காரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முகம் இறுகியது. எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அப்படியென்றால் இந்த வருடங்களில் நான் கேட்டது யாரை?"

"அத்தானை" என்றேன்.

என் கணவர் துவாயோடு ரோட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கர் அம்மா மடியில் வைத்துத் துவாயை விலக்கினார். விளிம்புகள் வளைந்த முக்கோணம், நடுவில் பெரிய வட்டத் துளை. ஒயில் பூசிய இரும்பு சாம்பல் நிறத்தில் மினுங்கியது. ஒரு கையைக் கீழே கொடுத்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். திரும்பவும் தூக்கினார்.

"பிறந்தபோது இவ்வளவுதான் இருந்தான்" என்றார்.

பிறகு துவாயால் அதைப் போர்த்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, காரைக் காட்டினார். "போடுங்கள். அமலைக் கேட்போம்."

நான் போய் ஏறித் திறப்பைத் திருப்பினேன். ஒரு இருமல், பிறகு இரைச்சல். வழக்கமாக இங்கர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் என்று அத்தான் சொல்லியிருந்தார். அன்று அவர் கண்ணைத் திறந்து, நான் இருந்த ஆசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூடு முள் வரும்போதே நடுவில்தான் நின்றது. எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். ஒரு செபமாலை முடியும்வரைக்கும் நான் அணைக்கவில்லை.

காரை விற்கவில்லை. வருகிற நவம்பரும் வருவீர்களா என்று இங்கர் அம்மா கேட்டபோது, ஓம் என்று சொன்னவர் என் கணவர்.

போன சனிக்கிழமை காலை குசினி யன்னலைத் திறந்துவிட்டு நின்றேன். குளிர் முகத்தில் அடித்தது. இவர் மற்ற யன்னலைத் திறந்துவிட்டு நின்றார். கீழே உறை போட்ட கார், அதன்மேல் புதிதாக விழுந்த இலைகள். படியில் எண்ணெய் வாசம் இல்லை. வெகு நேரம் நின்றோம்.

"காத்துக்கூட இல்லை" என்றார் இவர்.

சொல்லியாயிற்று, அத்தான். இனி நீங்கள் இறங்கிப் போகலாம். தலையணையை எடுக்கவில்லை, ஆசனத்தையும் அசைக்கவில்லை.