எந்த வயிற்றுக்கு விரதம்?

நாலு வருடத்துக்கு முன்னால், திருவண்ணாமலையில் எங்கள் தெருவிலேயே என்னைப் போல விரதம் இருக்க ஆள் கிடையாது. பௌர்ணமி தோறும் தண்ணீர்கூடத் தொடாமல் மலையைச் சுற்றி வருவேன். அந்த வருடம் பசியே எடுக்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். "அண்ணாமலையாரே உனக்குப் பசிய அடக்கிட்டாரு" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரவிக்கையெல்லாம் தொளதொள என்றானதுகூடப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் கறுப்பாக வாந்தி எடுத்த பிறகுதான், அது அருள் இல்லை, இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. பக்கத்து உறுப்புகளையும் பிடித்திருந்தது. மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிய பிறகு சென்னையில் ஆபரேஷன். "முழு இரைப்பை, மண்ணீரல், கணையத்துல ஒரு பகுதி, பெருங்குடல்ல ஒரு துண்டு, எல்லாத்தையும் ஒண்ணா எடுத்தாத்தாம்மா பிழைக்க வழி" என்றார் டாக்டர். கையெழுத்துப் போடும்போது என் கணவர் பேனா எழுதவில்லை என்று உதறிக்கொண்டே இருந்தார். பேனாவில் ஒரு கோளாறும் இல்லை.

மயக்க மருந்து ஏறியதும் மலை வந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். கிரிவலப் பாதையில் ஒருத்தரும் இல்லை. வெறுங்காலுக்கு மண் ஜில்லென்று இருந்தது. நடக்க நடக்க உடம்பு லேசாகிக்கொண்டே போனது. மலை மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிழைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் சுற்றுகிறேன் என்று கனவிலேயே வேண்டிக்கொண்டேன்.

விழித்தபோது குடலை மேலே இழுத்து உணவுக்குழாயோடு இணைத்திருந்தார்கள். இனிமேல் பசியை நம்பாதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு என்றார்கள்.

நான் கேட்டேனா? ஒரு வருடம் கழித்து, கோயிலுக்குப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு, விடிகாலையில் வெறும் வயிற்றோடு மலை சுற்றக் கிளம்பினேன். பாதி வழியில், அடி அண்ணாமலை ஊர் வந்தபோது மலை கண்முன்னே மிதந்தது. ஆபரேஷன் அன்று பார்த்த அதே மலை. பயமே இல்லை, சுகமாக இருந்தது. அப்படியே கால் மடிந்துவிட்டது.

கண் திறந்தால், ரோட்டோர இட்லிக் கடைக்காரி ஒருத்தியின் மடியில் என் தலை. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். உளறி உளறி எல்லாக் கதையையும் சொன்னேன். இட்லியைப் பிட்டு வெந்நீரில் குழைத்தபடியே கேட்டாள்: "வயிறே இல்லன்ற. அப்புறம் எந்த வயித்துக்கும்மா விரதம்?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேண்டுதல் என்று இழுத்தேன்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அது எங்க போவப்போவுது, இங்கயேதான குந்தினு இருக்குது. நீ மொதல்ல சாப்புடு."

அரை இட்லி மெதுவாக இறங்கியது. அவளே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினாள்.

இப்போதும் பௌர்ணமிக்குப் போகிறேன், கணவரோடு, பையில் டப்பாக்களோடு. நடுநடுவே உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நடப்பேன். பசியில்லாததை அருள் என்று நம்பி உயிரை விடப் பார்த்தவள் நான். பசிக்காத வாயில் அரை இட்லியை வைத்து மெல்லுகிற இப்போதுதான், உண்மையில் விரதம் இருப்பதாகத் தோன்றுகிறது.