மெஸ்ஸைத் தேடி வந்த கார்

போன வருடம் மழை ஓய்ந்து, கொல்லிமலையில் சுற்றுலா வண்டிகள் மறுபடியும் ஏறத் தொடங்கியிருந்த சமயத்தில் நடந்தது இது. நான் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சொந்த ஊர் டெல்டா பக்கம். மாற்றலாகி வந்த புதிதில் குளிரும் பிடிக்கவில்லை, அந்த வளைவுகளில் பஸ் திரும்புவதும் பிடிக்கவில்லை. வாசலூர்பட்டி என்ற மலைக் கிராமத்துச் சாப்பாடு மட்டும் முதல் நாளிலேயே பிடித்துப் போயிற்று.

அங்கே படகு இல்லத்துக்குப் போகிற ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சின்ன மெஸ். வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை இறக்கி மேசை போட்டிருப்பார்கள். நடத்துவது ஒரு கணவனும் மனைவியும். அவர் மலையிலேயே பிறந்தவர், மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார். மனைவி கீழே சமவெளியிலிருந்து வந்தவர். ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் குழந்தை. நான் அவர்களை அண்ணன், அக்கா என்பேன். அவர்களுக்கு நான் சிஸ்டர்.

அக்கா வைக்கிற நாட்டுக்கோழிக் குழம்பு மாதிரி நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. ஆனால் கடைக்கு வருவது என்னைப் போல இரண்டொரு அரசு ஊழியர்களும் ஜீப் டிரைவர்களும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தபோது, ஒரு குடும்பம் காரை நிறுத்தி, பக்கத்தில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டது. போனில் தேடினால் ஒன்றுமே காட்டவில்லையாம். மெஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம். அவர்களைக் கையோடு அழைத்துப்போய் உட்கார வைத்தேன்.

அன்றே அண்ணனிடம் பேசினேன். கடையை மேப்பில் ஏற்றிவிடலாம், தேடுகிறவர்களுக்குத் தானாகக் காட்டும் என்றேன்.

"ஏனுங்க சிஸ்டர், ரோட்டுல போர்டு வெச்சாலே எவனும் பாக்கறதில்ல. போன்ல வெச்சா வந்துருவாங்களா?" என்று சிரித்தார்.

கடைக்கு அதுவரை பெயரே கிடையாது. ஒரு பெயர் வைத்து, அண்ணனுடைய நம்பரைப் போட்டு, திறக்கும் நேரம், இடம் எல்லாம் சேர்த்தேன். கடை நிஜமாகவே இருக்கிறது என்று காட்ட, மேப் கம்பெனியில் ஒரு வீடியோ கேட்டார்கள். ரோட்டிலிருந்து நடந்தே சமையல்கட்டு வரை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா சட்டென்று பின்பக்கம் போய்விட்டார்.

"நான் வேண்டாங்க சிஸ்டர். சோத்தையும் கொழம்பையும் புடிங்க, போதும்."

கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். குழம்பு, சாமைச் சோறு, மேசை, வாசல் என்று படம் போட்டேன்.

கொஞ்ச நாளிலேயே மாற்றம் தெரிந்தது. 'வாசலூர்பட்டி சாப்பாடு' என்று தேடினால் இந்த மெஸ் மேலே வந்தது. சென்னை வண்டி, பெங்களூரு வண்டியெல்லாம் வாசலில் நின்றன. சாப்பிட்டவர்கள் ஸ்டார் கொடுத்தார்கள், பாராட்டி எழுதினார்கள், அவர்களாகவே படம் எடுத்துப் போட்டார்கள். நான் டியூட்டிக்கு நடுவே அதையெல்லாம் திறந்து திறந்து பார்ப்பேன். எனக்கு அத்தனை பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, அண்ணன் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"நேத்து ஒருத்தர் போன் பண்ணுனாருங்க. படத்துல சோறு போடற அம்மாதான் சமைக்கறாங்களான்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். ஞாயித்துக்கெழம வாரோம்னு சொன்னாரு."

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "படத்துல யாரு சோறு போடறா?"

நான் போனை எடுத்துக் காட்டினேன். யாரோ ஒரு குடும்பம் போட்டிருந்த படம். அக்கா இலைக்குக் குனிந்து சோறு போட்டுக்கொண்டே, யாரோ சொன்னதற்குச் சிரிக்கிறார். முகம் தெளிவாகத் தெரிந்தது. நல்ல படம் என்று நான்கூட ரசித்திருந்தேன்.

அக்கா அதை வாங்கிப் பார்த்தார். முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் மயங்கி விழப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுந்து பிடித்துக்கொண்டேன்.

"இத யாரெல்லாம் பாப்பாங்க?"

"யார் வேணாலும் பாக்கலாம்க்கா."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையில் ரசக் கரண்டியோடு அப்படியே நின்றார். தான் போனில் 'ஆமாங்க' என்று சொன்னது எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "உன் மூஞ்சி படத்துல இருக்கும்னு எனக்குத் தோணவேயில்ல சாமி," என்று மட்டும் சொன்னார்.

பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். இருவரும் வேறு வேறு சாதி. அக்காவின் வீட்டார் விஷயம் தெரிந்ததும் அவரை அறைக்குள் பூட்டி வைத்தார்களாம். அவருடைய பெரிய அண்ணன் அடித்ததில் கை முறிந்ததாம். அந்தக் கட்டோடுதான் ஓடி வந்திருக்கிறார். எங்கே கண்டாலும் இரண்டு பேரையும் முடித்துவிடுவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். திருப்பூர், ஓசூர் என்று ஊர் மாறி, குழந்தை பிறந்த பிறகு மலைக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் எந்த மலைக்காரர் என்று அக்கா வீட்டாருக்குத் தெரியாது; இங்கே யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

நான் என்னென்னவோ கதைகளில் படித்த விஷயம், தினமும் எனக்குச் சோறு போட்ட வீட்டுக்குள் இருந்திருக்கிறது. கடையைத் தேடினால் கிடைக்க வேண்டும் என்று நான் அலைந்த நாட்களில், இவர்கள் தேடினால் கிடைக்கக் கூடாது என்று வாழ்ந்திருக்கிறார்கள்.

படத்தை நீக்கச் சொல்லி அங்கேயே புகார் அனுப்பினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. படம் அப்படியே இருந்தது. அன்று மாலை ஒரு குழந்தைக்கு ஊசி போடப் போனபோது, மருந்துப் பெயரை இரண்டு முறை படித்தும் மனதில் பதியவில்லை. இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன்.

போலீஸுக்குப் போகலாம் என்றதற்கு அண்ணன் சம்மதிக்கவில்லை. முன்பு ஒரு ஊரில் அப்படிப் போய் நின்றதில்தான் இருக்கிற இடம் வெளியே தெரிந்ததாம். குழந்தையை மலையிலேயே இன்னொரு பகுதியான எடப்புளி நாட்டில் இருக்கும் தன் தங்கை வீட்டில் விட்டு வந்தார். அக்காவையும் போகச் சொன்னோம். அவர் நகரவில்லை.

"இன்னும் எத்தன ஊருக்குங்க ஓடறது? இது எங்க ஊடு. நான் இங்கயேதான் இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. காலையிலேயே போய்விட்டேன். அண்ணனின் சொந்தக்காரர்களும் ஜீப் டிரைவர்களும் சாப்பிட வந்தவர்கள் போல மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் இலை இருந்தது. யாரும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எல்லாத் தலையும் திரும்பியது. வழக்கமான சுற்றுலாக்காரர்கள் சிலர் வந்து, இந்த மௌனத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

மதியத்துக்கு முன் ஒரு வெள்ளை கார் வந்து நின்றது. வேட்டி கட்டிய, தலை நரைத்த ஒருவர் மட்டும் இறங்கினார். மேசைகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அவர் எல்லாரையும் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"தனியாத்தானுங்க வந்திருக்கேன். வண்டிய வேணாலும் பாத்துக்கங்க."

அக்கா உள்ளேயிருந்து வந்தார். "எங்க பெரியண்ணன்," என்றார் என்னிடம், மெதுவாக. கையை உடைத்த அதே ஆள்.

அவர் கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"உம்படம் சொந்தத்துல எல்லாத்தோட போன்லயும் சுத்துது கண்ணு. சித்தப்பன் பசங்க ஆள் சேத்துக்கிட்டு இருக்கறானுங்க. அடுத்த வாரம் வாரதாப் பேச்சு. அன்னிக்கிப் போன் பண்ணது நான்தான். அவனுங்களுக்கு முன்னால வந்து சொல்லிப்போடணும்னு வந்தேன்."

"நீ எதுக்கு வந்து சொல்றே?" என்றார் அக்கா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எம்புள்ள காலேஜ் போகுது. அதுதான் படத்தக் காட்டுச்சு. அத்தைக்கு எதாச்சும் ஆச்சுன்னா உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன், நானே போலீசுக்குப் போவேன்னு சொல்லிருச்சு. ரெண்டு நாளா ஊட்டுல சோறு திங்கல."

அடிக்க வருகிறார் என்று காத்திருந்த ஆள் எச்சரிக்க வந்திருக்கிறார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் எனக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பசங்கள் வருவது உண்மை என்று இப்போது உறுதியாகிவிட்டதே. என்ன தைரியத்தில் கேட்டேனோ, "இதை ஸ்டேஷனுக்கு வந்து சொல்வீங்களா?" என்று அவரிடம் கேட்டுவிட்டேன்.

சொந்தத்துக்கு எதிராக, அதுவும் எழுத்தில். அவர் நெடுநேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்படியே ஏறிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"போலாங்க," என்றார் கடைசியில்.

இந்த முறை அண்ணனும் மறுக்காமல் கூட வந்தார். ஸ்டேஷனில் இருந்த பெண் இன்ஸ்பெக்டர் எங்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். பெரியண்ணன் தன் போனை எடுத்து, உறவுக்காரர்கள் குழுவில் அந்தப் பசங்கள் அனுப்பியிருந்த பேச்சுகளைக் காட்டினார். அதை இன்ஸ்பெக்டர் சத்தமாக வாசிக்கச் சொன்னபோது, ஒரு வரிக்கு மேல் பெரியண்ணனால் முடியவில்லை. அந்த ஒரு வரியை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வழக்குப் பதிவானது. அந்தப் பசங்களைப் பிடித்து விசாரித்தார்கள். மலைக்கு அவர்கள் வரவில்லை. கொஞ்ச நாள் போலீஸ் ஜீப் மெஸ் வாசலில் நின்றுவிட்டுப் போகும். பெரியண்ணனை ஊரில் உறவுக்காரர்கள் யாரும் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் மறுபடி மலைக்கு வரவில்லை. அவர் மகள் மட்டும் அக்காவிடம் போனில் பேசுகிறாள்.

படம் ஒருவழியாக நீக்கப்பட்ட அன்று, கடையையே மேப்பிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"வேண்டாங்க, இருக்கட்டும். யாருக்கும் தெரியாத எடத்துல எங்களுக்கு எதாச்சும் ஆனா, கேக்க ஆளிருக்காது. இப்ப நாலு ஊர்க்காரங்க வந்து போறாங்க. ஒரு நாள் கடை பூட்டியிருந்தா ஏன்னு கேப்பாங்கல்ல."

பாதுகாப்பு என்றால் மறைந்திருப்பது என்று நினைத்திருந்த எனக்கு, அதை இப்படியும் யோசிக்கலாம் என்பதே தோன்றியதில்லை.

இப்போதும் மலையில் யாராவது, "எங்க கடையையும் போன்ல ஏத்தி விடுங்க சிஸ்டர்," என்று வருவார்கள், நானும் செய்து கொடுக்கிறேன். ஆனால் போனைக் கையில் எடுக்கும் முன், கதவைச் சாத்திவிட்டு அந்த வீட்டுப் பெண்ணிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கிறேன்: யார் உங்களைத் தேடி வரக் கூடாது? பெரும்பாலும் சிரித்துவிட்டு யாருமில்லை என்பார்கள். சில பேர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு மௌனத்தில், வெளியே தெரியாமல் எத்தனை பேர் பயந்து வாழ்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.