எங்கே என்று கேட்ட பெட்டி

ஒஸ்லோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் மனிதரோடு பேசமாட்டார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியோடு பேசுவார். மழை வருமா, முட்டை எத்தனை நிமிடம் அவிய வேண்டும் என்று அவர் கேட்பதும் அது பதில் சொல்வதும் சுவர் தாண்டிக் கேட்கும். வந்த புதிதில் மனிசனுக்கு மூளை பிசகிவிட்டது என்றே நினைத்தேன். இப்போது அந்தப் பெட்டிக்குப் பதில் எழுதிக் கொடுப்பதே என் உத்தியோகம். மன்னார்க் கரையில் தோட்டவெளிக்காரிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

பெட்டியில் பேசுகிற அதே குரல் கைபேசியிலும் காரிலும் உண்டு. ஒரே கேள்விக்குக் கைபேசியில் நீட்டிப் பதில் சொல்லலாம். குசினிப் பெட்டியில் இரண்டு வரி, காரில் ஒரு வரி. தமிழிலும் செய்வோம் என்று வேலை செய்யும் கந்தோரில் ஒற்றைக் காலில் நின்றேன். “ஒரு வீட்டிலாவது தினமும் பாவிக்கட்டும். மூன்று மாதம் பார்ப்போம், இல்லையென்றால் தமிழை விட்டுவிடுவோம்” என்றாள் மேலதிகாரி சிக்ரிட். தோட்டவெளியில் கடற்றொழில் செய்யும் என் அண்ணன் அந்தோனிக்கு ஒரு பெட்டியை அனுப்பினேன். காற்று எப்படி என்று கேட்டுவிட்டுப் படகை இறக்கலாம் அல்லவா?

முதல் நாளே அண்ணனின் மனைவி றீற்றா மச்சாள் அழைத்தார். “உன்ரை அண்ணர் கடலுக்குப் போகாமல் திரும்பி வந்து படுத்திட்டார். பெட்டியின்ரை வயரையும் பிடுங்கிப் போட்டார்.” பின்னால் அண்ணனின் சத்தம் கேட்டது. “வெளிக்கிடுற மனிசனைப் பார்த்து எங்கை போறியள் எண்டு கேக்குதடி! நீ இந்த ஊரிலைதானே பிறந்தனி?”

முகம் சுட்டது. கடலுக்கு இறங்குபவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. சின்ன வயதில் அப்பாவிடம் அப்படிக் கேட்டு, அம்மாவிடம் வாயில் அடி வாங்கியவள் நான். எந்த இடத்துக் காற்றைச் சொல்வது என்று பெட்டிக்குத் தெரியட்டுமென்று நானே அந்தக் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன். படித்த மூளை!

இரண்டு கிழமை, பதினாலு நாளும் இருந்து திருத்தினேன். அண்ணன் கடலுக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரமே மச்சாள் தன் கைபேசியில் இடத்தைச் சொல்லிவிடுவார். மறுநாள் காலையில் குசினிப் பெட்டி அதை நினைவில் வைத்து, ஒன்றும் கேட்காமல் காற்றை மட்டும் சொல்லும். “எங்கே போகிறீர்கள் என்று ஒருபோதும் கேட்காதே” என்ற என் விதியைக் கண்டு சிக்ரிட் துள்ளினாள். “பெர்சுன்வார்ன்! தனியுரிமையை உங்கள் மக்கள் எவ்வளவு மதிக்கிறார்கள்!” எங்கிருந்து விளக்கத் தொடங்குவது? ஓம் என்று தலையாட்டினேன்.

அண்ணன் வயரைத் திரும்பச் செருகினார். மூன்று மாதமும் ஒருநாள் தவறாமல் கேட்டார். தமிழ் தப்பியது. “என்ரை தங்கச்சி செய்த பெட்டி எண்டு கரை முழுக்கச் சொல்லிப்போட்டன்” என்றார். பெருமைதான், மறைப்பானேன்? அன்று முழுவதும் என் கால் நிலத்தில் படவில்லை.

சோதனைக்காக அவர் பெட்டியையும் என் பெட்டியையும் ஒரே கணக்கில் இணைத்திருந்தேன். இன்று காலை வெளியே முழங்காலளவு பனி. வெளியில் எப்படியென்று என் பெட்டியைக் கேட்டேன். அண்ணனின் கடலை நினைவில் வைத்து, நான் எழுதிக் கொடுத்த மன்னார்ப் பேச்சிலேயே அது சொன்னது: “வாடை பலமா அடிக்குது. இண்டைக்குக் கடலிலை இறங்காதேங்கோ.”

சரி என்று சொல்லி, பனிச்சப்பாத்தை மாட்டிக்கொண்டு ட்ராமுக்கு நடந்தேன்.