துப்பட்டாவில் ஏறிய பூனைக்காலி

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். ஒரு தை மாதம், காலை டீ பிரேக் முடிந்ததும் தையல் லைனிலிருந்து நாலைந்து பெண்கள் கழுத்தைச் சொறிந்துகொண்டே ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு வந்தார்கள். பின்னாலேயே சூப்பர்வைசர் பாஸ்கர், ஒடுகத்தூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த சுகந்தியை அழைத்து வந்தார்.

"சிஸ்டர், இந்தப் பொண்ணுக்குச் சொறி. எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சி. சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுங்க."

சுகந்தி அழுதேவிட்டாள். "இன்னிக்குக் காலைலதான் சிஸ்டர் அரிக்குது. அனுப்பிட்டா திரும்ப எடுக்க மாட்டாங்க."

உண்மைதான், புதியவர்களுக்கு அப்படித்தான் நடக்கும். சொறி முதலில் தெரியும் விரல் இடுக்குகளை அவளுக்குப் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. சொறி ஒரே காலையில் இத்தனை பேருக்கு ஒட்டவும் ஒட்டாது.

"செடி கிடி மேல பட்டுச்சா?"

"பஸ்ஸுக்கு லேட்டாச்சின்னு வேலியில பூந்து வந்தேன். துப்பட்டா கொடில மாட்டிக்கிச்சி."

காஞ்சொறிச் செடியோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதன் முடி ஊசி மாதிரி. நுனி உடைந்து சாற்றைத் தோலுக்குள் இறக்கும். தொட்டவரை மட்டும்தான் எரிக்கும். இது ஊரையே சுற்றியிருக்கிறதே! அப்போதுதான் பொறி தட்டியது. மெஷினில் சிக்கும் என்று லைனில் எல்லாரும் துப்பட்டாவைக் கழற்றி ஒரே கொக்கியில் போடுவார்கள், பிரேக்கில் எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

சுகந்தியின் துப்பட்டாவைக் கொண்டுவரச் சொல்லி, டேப்பை ஒட்டி உரித்து, தோலின் முடித்துளை பார்க்கும் லென்ஸை அதன்மேல் வைத்தேன். பொன்னிறத்தில் பொடிப்பொடி முட்கள்! வேலியில் படரும் பூனைக்காலிக் கொடியின் காயில் இருக்கும் முடி. காய்ந்தால் தானே உதிரும், துணியில் ஏறிப் பயணம் போகும், தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும்.

"செடிக்கு இன்னா முடி? கத உடாதீங்க சிஸ்டர்," என்றார் பாஸ்கர்.

ஜன்னல் தொட்டியிலிருந்த கற்பூரவல்லி இலையைக் கிள்ளிக் கொடுத்தேன். "தடவிப் பாருங்க, மெத்துனு இருக்கில்ல? இதுவும் முடிதான். இது வாசனை விடும், அது குத்தும்."

மனுஷன் நம்பினால்தானே! "வெறும் துணி இது," என்று துப்பட்டாவை எடுத்து முன்கையில் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆடவே ஆரம்பித்துவிட்டார். "ஐயோ, பேஜாரா போச்சே! ஜாஸ்தியா அரிக்குது சிஸ்டர்!"

பெண்களுக்கெல்லாம் டேப் ஒட்டி உரித்து, சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். கடைசியாக பாஸ்கர் கையை நீட்டினார். நான் பேனாவை எடுத்தேன்.

"உங்களுக்கும் ஒட்டிக்கிச்சே சார். சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?"

சுகந்திதான் முதலில் சிரித்தாள். பாஸ்கருக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது. "டேப்பை ஒட்டுங்க சிஸ்டர். ஏம்மா சுகந்தி, நீ போய் மெஷின்ல உக்காரு."

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளே, யாராவது அரிக்கிறது என்று வந்தால் ஆளைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் துணியில் டேப்பை ஒட்டிப் பாருங்கள்.